எட்டு அங்குலத் தட்டுக்கு ஒரு கணினிப் பெட்டி

எங்கள் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சிக்குக் கீழே, ஆசாரி செய்துகொடுத்த ஒரு மர அலமாரி இருக்கிறது. 18 மி.மீ. பிளைவுட், மேலே மைக்கா, பின்புறம் 6 மி.மீ. பலகை. அதன் நடுத்தட்டின் உட்புற அளவு 24 அங்குல அகலம், 16 அங்குல ஆழம், 8 அங்குல உயரம். மில்லிமீட்டரில் சொன்னால் 610, 406, 203. தொலைக்காட்சியோடு இணைத்துப் படம் பார்க்க ஒரு கணினியை அந்தத் தட்டில் வைக்க நினைத்தேன். இந்த மூன்று எண்களையும் நான் முதலிலேயே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால், ஒரு கேபினெட்டுக்கான, அதாவது கணினியின் வெளிப்பெட்டிக்கான பணம் மிஞ்சியிருக்கும். முதல் கேபினெட்டை அளவு பார்க்காமல், ஆம்ப்ளிஃபயரின் பக்கத்தில் வைத்தால் பொருத்தமாக இருக்கும் என்று முகப்பைப் பார்த்து வாங்கினேன். இரண்டாவதை அளவு பார்த்து வாங்கினேன்.

படம் பார்க்க மட்டும் என்றால் கைக்கு அடக்கமான ஒரு மினி கணினியோ, தொலைக்காட்சியில் செருகும் குச்சியோ போதும். கேபினெட் என்ற பேச்சுக்கே இடமில்லை. எனக்கு இரண்டு தேவைகள் கூடுதலாக இருந்தன. ஒன்று, படங்களும் பாடல்களும் குடும்ப வீடியோக்களும் இருக்கும் இரண்டு 3.5 அங்குல ஹார்டு டிஸ்க்குகள். மற்றொன்று, உறவினர் வீடுகளில் பூசணம் பிடித்துக்கொண்டிருக்கும் கல்யாண வீடியோ கேசட்டுகளைக் கணினியில் ஏற்றுவதற்கான ஒரு கேப்சர் கார்டு. அது முழு உயரக் கார்டு. மதர்போர்டும் ஏற்கெனவே கையில் இருந்தது: 244 மி.மீ. சதுரமான மைக்ரோ ஏடிஎக்ஸ் பலகை, அதில் ரைசன் 5 5600ஜி செயலி. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை; படங்களை ஓட்டும் 'கோடி' (Kodi) என்ற மென்பொருளுக்குச் செயலிக்குள் இருப்பதே போதும்.

முதலில் வாங்கிய ஒல்லிப் பெட்டியின் உயரம் 90 மி.மீ. கறுப்பு அலுமினிய முகப்பு, நடுவில் நீல விளக்கு. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை, ஏனென்றால் அதே வார்ப்பில் பல பெயர்களில் பெட்டிகள் கிடைக்கின்றன. இதனுடன், கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றும் சிறியதாகச் சேர்ந்தே வந்தது. 40 மி.மீ. உயரமே உள்ள ஃப்ளெக்ஸ் வகை அது; ஆகவே அதன் விசிறியும் 40 மி.மீ. விசிறிதான். செயலியின் மேல், அதன் சூட்டைத் தணிக்கும் கூலராக 37 மி.மீ. உயரமுள்ளதைத்தான் வைக்க முடிந்தது. கேப்சர் கார்டை எடுத்துப் பொருத்தப் போனபோது அடுத்த தவறு வெளிப்பட்டது: பெட்டியின் பின்புறத் துளைகள் குட்டைக் கார்டுகளுக்கானவை. முழு உயரக் கார்டின் உலோகப் பட்டை 120 மி.மீ.; குட்டைக் கார்டின் பட்டை 79.2 மி.மீ. கார்டை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுக் கணினியை மட்டும் தட்டில் வைத்து, கண்ணாடிக் கதவைச் சாத்தி, படம் பார்க்க உட்கார்ந்தோம்.

கூடத்தில் மின்விசிறி எப்போதும் சுழலும் வீடுகளில் கணினியின் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது என்று நான் நினைத்திருந்தேன். அது தவறான கணக்கு. மூன்று இறக்கைகளோடு மெதுவாகச் சுழலும் மின்விசிறி எழுப்புவது தாழ்ந்த, பரவலான காற்றோசை. சில நாளில் காது அதை மறந்துவிடும். 40 மி.மீ. விசிறி அப்படியல்ல. அது நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது நொடிக்கு 100 சுற்று ஆகிறது. ஏழு இறக்கைகள் இருந்தால் நொடிக்கு 700 முறை காற்றை வெட்டுகிறது. 700 ஹெர்ட்ஸ் என்பது மனிதக் குரலின் எல்லைக்குள் இருக்கும் சுருதி. மின்விசிறியின் ஓசை அதை மூடுவதில்லை. படத்தில் யாரும் பேசாத இடங்களில், மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு கொசு விடாமல் காதருகே சுற்றுவது போலவே இருந்தது.

வெப்பம் அடுத்த பிரச்சினை. மே மாதம், கூடத்தில் 33 டிகிரி. கண்ணாடிக் கதவு சாத்திய தட்டுக்குள் ஒரு சாதாரண வெப்பமானியை வைத்தேன். ஒன்றரை மணி நேரப் படம் முடியும்போது அது 44 டிகிரி காட்டியது. செயலி 84 டிகிரி. இந்தச் செயலிக்கு 95 வரை அனுமதி உண்டு என்பதால் கெட்டுப்போகும் நிலை இல்லை. ஆனால் சூடு ஏற ஏற விசிறிகள் வேகமெடுக்கும், வேகமெடுக்க எடுக்க ஓசை கூடும். படத்தின் உச்சக்காட்சி வரும் நேரத்தில் கணினியும் உச்சத்தில் இருந்தது.

இந்த இடத்தில் நான் செய்திருக்கக்கூடிய எளிய வேலை, எஸ்.எம்.பி.எஸ்ஸின் விசிறியை மாற்றுவது. செய்யவில்லை, எஸ்.எம்.பி.எஸ்ஸைத் திறக்கும் வேலையை நான் தவிர்ப்பவன், அதன் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். அதற்குப் பதிலாக, உயரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றின் அளவும் பாதியாகும். ஆனால் ஒலியின் திறன் வேகத்தின் ஐந்தாம் படியைச் சார்ந்திருப்பதால் சுமார் 15 டெசிபெல் குறையும். அதாவது, பெரிய விசிறியை மெதுவாகச் சுற்றவிடுவதில் கிடைக்கும் லாபம், நாம் நினைப்பதைவிட மிக அதிகம். 120 மி.மீ. விசிறியின் முகப் பரப்பு 40 மி.மீ. விசிறியினுடையதைப் போல் ஒன்பது மடங்கு. எவ்வளவு பெரிய விசிறியை வைக்கலாம் என்பதைப் பெட்டியின் உயரமே தீர்மானிக்கிறது. ஆகவே ஹோம் தியேட்டருக்கான கேபினெட் ஒல்லியாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, தட்டில் நுழையக்கூடியவற்றிலேயே உயரமான பெட்டி எது என்று தேடத் தொடங்கினேன். அழகு முதல் வாரத்தோடு பழகிவிடுகிறது, ஓசை பழகவில்லை.

இம்முறை கடைக்குப் போவதற்கு முன் அட்டைப்பெட்டிகளை வெட்டினேன். குளிர்சாதனப் பெட்டி வந்த பெரிய அட்டை பரணில் கிடந்தது. இணையத்தில் ஒவ்வொரு கேபினெட்டின் அளவையும் பார்த்து, அதே அளவில் அட்டையை மடித்து ஒட்டி, தட்டில் வைத்துப் பார்த்தேன். வீட்டில் இதைக் கொலு வேலை என்று கேலி செய்தார்கள். ஆனால் காகிதத்தில் சரியாக இருக்கும் எண்கள், பொருளாகத் தட்டில் உட்காரும்போது வேறு விதமாகப் பேசின.

ஃப்ராக்டல் டிசைன் நிறுவனத்தின் நோடு 202 பார்க்க மிக நேர்த்தியானது: 377 மி.மீ. அகலம், 82 மி.மீ. உயரம், 330 மி.மீ. ஆழம். தட்டில் இரண்டை அடுக்கலாம். ஆனால் அது 170 மி.மீ. சதுரமான மினி ஐடிஎக்ஸ் பலகைக்கானது. கூலர் 56 மி.மீ. உயரத்துக்குள் இருக்க வேண்டும். ரைசனோடு வரும் சாதாரணக் கூலரே 54 மி.மீ. அதற்காகப் புதுப் பலகை, எஸ்.எஃப்.எக்ஸ். என்ற சிறிய வகையில் புது எஸ்.எம்.பி.எஸ். என்று வாங்கத் தொடங்கினால் கேபினெட்டின் விலை இரண்டு மடங்கைத் தாண்டும். 3.5 அங்குல டிஸ்க்குகளுக்கும் அதில் இடமில்லை.

அதே நிறுவனத்தின் நோடு 304 என் மனதை அதிகம் இழுத்தது. கனசதுரம் போன்ற வடிவம், ஆறு டிஸ்க்குகளுக்கு இடம், முன்னால் இரண்டு 92 மி.மீ. விசிறிகள், பின்னால் ஒரு 140 மி.மீ. விசிறி. இதுவும் மினி ஐடிஎக்ஸ்தான் என்றாலும், பலகையை விற்று மாற்றிக்கொள்ளலாமா என்று ஒரு மாலைப்பொழுது முழுக்க யோசித்தேன். அட்டைப்பெட்டி அந்த யோசனையை முடித்துவைத்தது. நோடு 304-இன் உயரம் 210 மி.மீ.; தட்டின் உயரம் 203. ஏழு மில்லிமீட்டருக்காகத் தட்டை அறுக்க முடியாது.

சில்வர்ஸ்டோன் நிறுவனத்தின் மைலோ எம்எல்03 மைக்ரோ ஏடிஎக்ஸ் பலகையை ஏற்கும், 440 மி.மீ. அகலம், 105 மி.மீ. உயரம், 340 மி.மீ. ஆழம். ஆம்ப்ளிஃபயர்கள் பெரும்பாலும் 430 மி.மீ. அளவில் அகலம் உள்ளவை என்பதால், ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் ஒரே குடும்பம் போலத் தெரியும். கூலருக்கு 70 மி.மீ. கிடைக்கும், 120 மி.மீ. விசிறியோடு படுக்கைவாட்டில் அமரும் கூலர்கள் சில அந்த உயரத்துக்குள் வந்துவிடும். கேசட் வேலை இல்லாதிருந்தால் இதையே வாங்கியிருப்பேன். ஆனால் இதன் துளைகளும் குட்டைக் கார்டுகளுக்கானவை. இழுப்பறையில் இருக்கும் கார்டை மறுபடியும் இழுப்பறையிலேயே விட மனமில்லை.

விசிறியே இல்லாமல், செயலியின் சூட்டை வெப்பக் குழாய்கள் வழியாகப் பெட்டியின் பக்கச் சுவர்களுக்குக் கடத்தும் ஸ்ட்ரீகாம் போன்ற பெட்டிகளையும் பார்த்தேன். ஓசை என்ற பேச்சே இல்லை என்பது பெரிய ஆசைதான். ஆனால் அத்தகைய பெட்டி, சுற்றியிருக்கும் காற்று குளிர்ச்சியாக இருப்பதையும், அது தானாக மேலெழுந்து போவதையும் நம்பியிருக்கிறது. திறந்த மேசையில் அது சிறப்பாக இயங்கும். மே மாதத்தில், மூன்று பக்கம் பலகை அடைத்த தட்டுக்குள், அதனிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

எஞ்சியது சில்வர்ஸ்டோனின் கிராண்டியா வரிசையில் ஜிடி09. 440 மி.மீ. அகலம், 170 மி.மீ. உயரம், 358 மி.மீ. ஆழம். முழு அளவு ஏடிஎக்ஸ் பலகை வரை ஏற்கும், முழு உயரக் கார்டுகள் நிற்கும், மேசைக் கணினிகளில் போடும் சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்.எம்.பி.எஸ். பொருந்தும், பக்கவாட்டில் 120 மி.மீ. விசிறிகளை வைக்கலாம். கூலருக்கு 138 மி.மீ. உயரம் கிடைக்கும். அட்டை வடிவத்தைத் தட்டில் வைத்தபோது மேலே 33 மி.மீ. மீதி இருந்தது. பார்ப்பதற்கு அந்தக் காலத்து வி.சி.ஆர். போலக் கனமாகத் தெரிந்தது. கேசட்டுகளை ஏற்றப்போகும் கணினிக்கு அந்தத் தோற்றம் பொருத்தம்தான்.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு மட்டும் இடித்தது. 406 மி.மீ. ஆழத்தில் பெட்டி 358 எடுத்துக்கொண்டால் பின்னால் 48 மி.மீ. மிஞ்சும். எச்டிஎம்ஐ கேபிளின் தலையே ஏறத்தாழ 45 மி.மீ. நீளம், அதற்குப் பிறகு கேபிள் வளைய இடம் வேண்டும். கேபினெட்டின் அளவைப் பார்ப்பவர்கள் மறக்கும் இடம் இது: பெட்டியின் ஆழத்தோடு, பின்னால் செருகும் கேபிள்களின் ஆழத்தையும் சேர்த்தே பெட்டியை அளக்க வேண்டும். கேபிளை அழுத்தி மடித்தால் சில மாதங்களில் எச்டிஎம்ஐ முனை தளர்ந்து, படம் நின்று நின்று வரும்.

பின்பலகையை அறுப்பது என்று முடிவு செய்தேன். அது வெப்பத்துக்கும் தீர்வு. ஒல்லிப் பெட்டி சூடானதற்குப் பெட்டி மட்டும் காரணமல்ல; வெளியே தள்ளிய சூடான காற்றையே அது மீண்டும் மீண்டும் உள்ளிழுத்துக்கொண்டிருந்தது. கணினி மொத்தமாக 60 வாட் எடுப்பதாக வைத்துக்கொண்டால், தட்டுக்குள் காற்றின் சூடு கூடத்தைவிட 10 டிகிரிக்கு மேல் ஏறாமல் இருக்க நொடிக்கு ஏறத்தாழ 5 லிட்டர் காற்று உள்ளே வந்து வெளியேற வேண்டும். எவ்வளவு நல்ல கேபினெட்டாக இருந்தாலும், மூடிய தட்டுக்குள் அந்தக் காற்று எங்கிருந்தும் வராது.

அலமாரியைச் செய்த ஆசாரியையே அழைத்தேன். பென்சிலால் பின்பலகையில் நான் வரைந்திருந்த இரண்டு நீள்சதுரங்களைப் பார்த்துவிட்டு அவர், "இதுக்குள்ள அடுப்பா சார் வைக்கப் போறீங்க?" என்று கேட்டார். "கிட்டத்தட்ட அப்படித்தாங்க" என்றேன். கீழே 300 மி.மீ. நீளத்தில் 75 மி.மீ. உயரத்துக்கு ஒரு திறப்பு, மேல் விளிம்பை ஒட்டி அதே அளவில் இன்னொன்று. கேபிள்கள் கீழ்த் திறப்பின் வழியாக வெளியேறும். சூடான காற்று மேல் திறப்பின் வழியாகப் போகும். அலமாரி தரையில் நிற்பது என்பதால் அதைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் முன்னால் நகர்த்தினோம். திறப்புகளில் ஜன்னலுக்கு அடிக்கும் நைலான் கொசுவலையை ஸ்டேபிளர் ஊசியால் அடித்தேன். கொசுவுக்காக அல்ல, பல்லிக்காக. வெதுவெதுப்பான இடம் என்றால் பல்லி தேடி வரும், அது எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் புகுந்தால் பல்லிக்கும் எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கும் சேர்த்து முடிவு.

கண்ணாடிக் கதவையும் கழற்றினோம். வெறும் தட்டாக விட்டால் தூசி அடையும் என்று வீட்டில் எதிர்ப்பு வந்ததால், ஆசாரி மெல்லிய மரச் சட்டம் ஒன்று செய்துகொடுத்தார். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய கறுப்பு ஸ்பீக்கர் துணியை அதில் இழுத்துக் கட்டினேன். காற்று போகிறது, உள்ளே இருப்பது தெரிவதில்லை.

கேபினெட் வந்த பிறகு நடந்த பொருத்தும் வேலையில் சொல்ல அதிகமில்லை, கூலரைத் தவிர. என்னிடம் ஏற்கெனவே 120 மி.மீ. விசிறியுள்ள கோபுரக் கூலர் ஒன்று இருந்தது. உயரம் 155 மி.மீ., ஆகவே 138-க்குள் நுழையாது. கோபுர வகையில் 92 மி.மீ. விசிறியோடு வரும் நொக்டுவா என்எச்-யு9எஸ் 125 மி.மீ. உயரம். அதை வாங்கினேன். பொருத்தும்போது விசிறியின் திசையைக் கவனிக்க வேண்டியிருந்தது. பக்கவாட்டு விசிறி உள்ளே தள்ளும் காற்று நேராகக் கூலரின் தகடுகளுக்குள் நுழையும்படி கோபுரத்தைத் திருப்பி வைத்தேன். ரேம் குச்சிகள் இடித்ததால் முதல் முறை கழற்றி, செயலியின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்டை ஸ்பிரிட்டால் துடைத்து, மறுபடி பூச வேண்டியதாயிற்று. இரண்டு விசிறிகளை உள்ளிழுக்கும்படி வைத்து, வெளித்தள்ளும் விசிறி எதுவும் இல்லாமல் விட்டேன். இப்படி விட்டால் பெட்டிக்குள் காற்றழுத்தம் சற்றுக் கூடுதலாக இருக்கும். இடுக்குகளின் வழியாகக் காற்று வெளியே போகுமே தவிர, வடிகட்டி இல்லாத இடுக்குகளின் வழியாகத் தூசி உள்ளே வராது. தட்டின் அகலத்தில் மிஞ்சிய 170 மி.மீ. இடத்தில் பெரும்பகுதியை அந்த விசிறிகள் இருக்கும் பக்கத்துக்கே ஒதுக்கினேன். எஸ்.எம்.பி.எஸ். 120 மி.மீ. விசிறியோடு வந்த சாதாரண 450 வாட் வகை. தேவைக்கு அதிகம்தான், ஆனால் குறைந்த சுமையில் அதன் விசிறி எழும்புவதே இல்லை.

விசிறிகள் அடங்கியவுடன் அதுவரை கேட்காத ஒன்று கேட்டது. தாழ்ந்த ரீங்காரம். கேபினெட்டின் மேல் கையை வைத்தால் குறையவில்லை. தட்டின் மேல் கையை அழுத்தினால் குறைந்தது. நிமிடத்துக்கு 7,200 சுற்று ஓடும் ஹார்டு டிஸ்க் ஒன்று நொடிக்கு 120 முறை சுழல்கிறது. அந்த 120 ஹெர்ட்ஸ் அதிர்வு பெட்டியின் கால்கள் வழியாகப் பிளைவுட்டுக்கு இறங்கி, தட்டு முழுவதும் மத்தளத் தோல் போல அதிர்ந்துகொண்டிருந்தது. பழைய சைக்கிள் டியூபை நறுக்கி வாஷர்கள் செய்து, டிஸ்க்கின் திருகுகளுக்கு இரண்டு பக்கமும் வைத்தேன். திருகுகளை இறுக்காமல், டிஸ்க் சற்றே அசையும் அளவுக்கு விட்டேன். கால்களுக்கு அடியிலும் இரண்டு மடிப்பு டியூப். ரீங்காரம் போயிற்று. அதிகம் எடுக்காத படங்கள் இருக்கும் இரண்டாவது டிஸ்க்கை, 20 நிமிடம் வேலையில்லை என்றால் தானே நிற்கும்படி அமைத்தேன்.

கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயோஸில் செயலியை 65 வாட்டிலிருந்து 45 வாட் அளவுக்கு இறக்கினேன். படம் ஓடுவதில் எந்த வேறுபாடும் இல்லை. கூலர் விசிறி 60 டிகிரி வரை 30 விழுக்காட்டு வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்றும், வேகம் மாறுவதற்கு முன் சில நொடிகள் பொறுக்க வேண்டும் என்றும் அமைத்தேன். இந்தப் பொறுமை இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை மெனுவைத் திறக்கும்போதும் விசிறி ஒருமுறை மூச்சு வாங்கும். தொடர்ந்து ஒரே அளவில் இருக்கும் ஓசையைவிட, ஏறி இறங்கும் ஓசைதான் அதிகம் உறுத்துகிறது.

ரிமோட்டுக்கு யூஎஸ்பி அகச்சிவப்பு உணரி ஒன்றைப் போட்டேன். பெட்டிக்குள் அதை வைத்தால் ரிமோட்டின் சமிக்ஞை எட்டாது; ஒரு மீட்டர் நீட்டிப்பு வயரில் வெளியே இழுத்து, துணிச் சட்டத்தின் கீழ் விளிம்பில் ஒட்டிவிட்டேன். புளூடூத் விசைப்பலகை முதலில் எழுத்துகளைத் தவறவிட்டது. அதன் சமிக்ஞையை வாங்கும் சிறு குமிழ் (டாங்கிள்), யூஎஸ்பி 3 துளையில் ஹார்டு டிஸ்க் கேபிளுக்குப் பக்கத்தில் இருந்தது; யூஎஸ்பி 3 இயங்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளில் இரைச்சல் எழும். அதையும் நீட்டிப்பு வயரில் தள்ளி வைத்ததும் சரியாயிற்று. வைஃபையை நம்பாமல் ரூட்டரிலிருந்து நெட்வொர்க் கேபிள் இழுத்துவிட்டேன்.

அளவுகள் இவை. கூடத்தில் மறுபடியும் 33 டிகிரி இருந்த ஒரு பிற்பகலில், இரண்டு மணி நேரப் படம் முடியும்போது தட்டுக்குள் 37 டிகிரி, செயலி 54 டிகிரி, டிஸ்க்குகள் 43, 41. கூலர் விசிறி நிமிடத்துக்கு 700 சுற்றைத் தாண்டவில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, படத்தின் ஓசையை முழுவதும் குறைத்துவிட்டு, வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து கேட்டுப் பார்த்தேன். தெருவில் போகும் ஆட்டோதான் கேட்டது. தட்டுக்குள் தலையை விட்டால் மட்டும் மெல்லிய காற்றோசை.

வடிகட்டிகளை மூன்று வாரத்துக்கு ஒருமுறை கழற்றித் தட்டுகிறேன். விடுமுறைக்கு வெளியூர் போய் ஆறு வாரம் விட்டபோது செயலியின் சூடு 5 டிகிரி கூடியிருந்தது. ஒல்லிப் பெட்டி பரணுக்குப் போய்விட்டது, அதன் நீல விளக்கோடு. இழுப்பறையில் கிடந்த கேப்சர் கார்டு இப்போது தன் இடத்தில் நிற்கிறது. இதை எழுதும்போது என் சித்தியின் கல்யாணக் கேசட் ஓடிக்கொண்டிருக்கிறது. நாதஸ்வரத்துக்கு நடுவில் நாடா இழுபடும் ஓசை அதில் பதிவானதுதான், கணினியினுடையது அல்ல. இன்னும் 11 கேசட்டுகள் இருக்கின்றன.